நம்ம சாமானுக்கு மட்டும் பத்து நாளா?

இது நீளமான பதிவு. அடுப்பு வேலையை முடித்துவிட்டோ, பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த பிறகோ படியுங்கள். படிக்காமலே 'அருமை டீச்சர்' என்று போடுபவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் அவர்கள் அப்படித்தான்.

மறுபடியும் மே 18 வரப்போகிறது. உலக அருங்காட்சியக தினம். நம் பழைய மாணவர் குழுவில் ஒரு தம்பி எழுதியிருந்தான்: "டீச்சர், இந்த வருஷமும் மாவட்ட மியூசியத்துல பத்து நாள் பழைய பொருள் கண்காட்சி வைக்கிறாங்களாம். போன வருஷம் மாதிரி நீங்களே வீடு வீடா கேட்டு வாங்கிக் கொடுத்தா நல்லாருக்கும்." கீழே இருபது பேர் கைகூப்பியிருந்தார்கள். மூன்று நாளாக நான் பதில் போடவில்லை. டீச்சருக்கு உடம்பு சரியில்லையோ என்று சிலர் போன் செய்தீர்கள். உடம்பு நன்றாக இருக்கிறது, மனசுதான் சரியில்லை.

என் பதில் இதுதான். இந்த வருடம் ஒரு பொருளும் சேர்த்துத் தரமாட்டேன். நீங்களும் தராதீர்கள். நான் கேட்கும் மூன்று விஷயத்தை எழுத்தில் கொடுத்தால் முதல் ஆளாகத் தலையில் சுமந்துகொண்டு போய்க் கொடுப்பேன்.

எந்த அருங்காட்சியகம் என்று பெயர் போடவில்லை. நம் பக்கத்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை. அங்கே வேலை பார்ப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. இருப்பதே சில பேர். அவர்களே டிக்கெட் கிழித்து, அவர்களே பெருக்கி, அவர்களே கலெக்டர் ஆபீஸ் கூட்டத்துக்கும் ஓடுகிறார்கள். என் சண்டை ஒரு பழக்கத்தோடு. நம் ஊர்களில் எந்தப் பொருள் 'நிரந்தரம்', எந்தப் பொருள் 'தற்காலிகம்' என்று யாரோ எப்போதோ பிரித்து வைத்துவிட்டார்கள். அதை நாமும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டோம். அந்தப் பழக்கத்தோடுதான் சண்டை.

போன வருடம் நடந்ததைச் சொல்கிறேன். நம் ஊரிலும் சுற்றியுள்ள நான்கு ஊர்களிலும் நடந்து, 41 பொருட்கள் சேர்த்தேன். மரக்கால், உழக்கு, பல்லாங்குழி, திருகை, அரிக்கேன் விளக்கு, கைத்தறி நாடா, மர இடியாப்ப நாழி. ஒரு வீட்டில், ரேடியோ வைத்திருப்பதற்குத் தபால் ஆபீஸில் பணம் கட்டிய லைசென்ஸ் புத்தகம் கிடைத்தது. ரேடியோவுக்கு லைசென்ஸா என்று இந்தக் காலப் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்களே என்று ஆசையாக வாங்கினேன். என் பங்குக்கு, நான் பள்ளியில் மதிய உணவு வாங்கித் தின்ற அலுமினியத் தட்டைக் கொடுத்தேன். ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்தி என் அப்பா என் பெயரை எழுதிய தட்டு. 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பந்தியில் பிள்ளைகளோடு உட்காரும்போது அதே தட்டில்தான் சாப்பிட்டேன்.

41-இல் ஒன்று தும்பி. இதைப்பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும்.

கவலை இறைத்ததை உங்களில் பெரும்பாலோர் பார்த்திருக்க மாட்டீர்கள். கிணற்றை ஒட்டி மேடு கட்டி, அதிலிருந்து சரிவாக ஒரு பாதை இறங்கும். மாடு இரண்டும் சரிவில் இறங்க, வடம் இழுபட்டுச் சால் கிணற்றுக்குள்ளிருந்து மேலே வரும். சால் என்றால் பெரிய இரும்பு வாளி. அதன் அடியில் யானைத் துதிக்கை மாதிரி ஒரு தோல் குழாய் தொங்கும். அதுதான் தும்பி. அதன் நுனியில் தனியாக ஒரு வால்கயிறு. சால் ஏறிவரும் வரை தும்பி மடங்கி மேல்நோக்கி நிற்கும், தண்ணீர் சிந்தாது. மேலே வந்ததும் தும்பியின் வாய் தொட்டிப் பக்கம் படுத்துவிடும், தண்ணீர் தானாகக் கொட்டும். யாரும் எட்டிப் பிடித்துக் கவிழ்க்க வேண்டாம். ஒரே ஆள் மாட்டையும் ஓட்டுவார், தண்ணீரும் இறைப்பார். இரண்டு கயிற்றின் நீளத்தைச் சரியாகக் கணக்குப் பண்ணி வைத்ததில்தான் அத்தனையும் இருக்கிறது. கரண்ட் மோட்டார் வருவதற்கு முன் நம் பக்கத்து வயலெல்லாம் இப்படித்தான் நனைந்தது.

அந்தத் தும்பியை எருமைத் தோலில் தைத்தவர் என் மாணவன் ஒருவனின் அப்பா. எண்பது தாண்டியவர். சின்ன வயதில் தன் அப்பாவோடு உட்கார்ந்து ஊர் ஊராகத் தும்பி தைத்தவர். தண்ணீர் ஒழுகாத தையல். ஊருக்கே தண்ணீர் கொடுத்த கை அது. அதே ஊரில் பொதுக்கிணற்றில் அவர் வீட்டுக் குடம் இறங்க எத்தனை வருடம் ஆயிற்று என்பது எங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரியும், சொல்லமாட்டார்கள். நான் சொல்கிறேன். கடைசியாகத் தைத்த ஒன்றை அவர் எண்ணெய் போட்டு, துணியில் சுற்றிப் பரணில் வைத்திருந்தார். "டீச்சர் கேக்குறீங்க, எடுத்துட்டுப் போங்க" என்று என் கையில் கொடுத்தார்.

திறப்பு விழா பிரமாதமாக நடந்தது. குத்துவிளக்கு, ரிப்பன், சால்வை, நினைவுப் பரிசு, பாட்டி மாதிரி வேடம் போட்ட பெண்ணோடு செல்ஃபி எடுக்க ஓர் இடம். மேசைகளில் வெள்ளைத் துணி விரித்துப் பொருட்களை அடுக்கியிருந்தார்கள். பக்கத்தில் அட்டைகள். அரிக்கேன் விளக்குக்குப் பக்கத்தில் 'விளக்கு'. மரக்காலுக்குப் பக்கத்தில் 'அளவைப் பாத்திரம்'. தும்பிக்குப் பக்கத்தில் 'நீர் இறைக்கும் கருவி'. அவ்வளவுதான். யார் செய்தது, எந்த ஊர், எப்போது புழங்கியது, ஒன்றும் இல்லை. விளக்கை விளக்கு என்று சொல்வதற்கு அச்சடித்த அட்டை எதற்கு? நான் எழுதிக் கொடுத்த விவரத்தாள் மேசை டிராயரில் இருப்பதாகச் சொன்னார்கள்.

தும்பி தைத்தவருக்கு அதைக் கண்ணாடிக்குள் பார்க்க ஆசை. மகன் திருப்பூரில் வேலை. லீவு கிடைத்து, அப்பாவையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு ஒன்பதாம் நாள் போயிருக்கிறான். அழைப்பிதழில் பத்து நாள் என்றுதான் போட்டிருந்தது. ஆனால் கூடம் வேறு நிகழ்ச்சிக்கு வேண்டும் என்று எட்டாம் நாளே காலி செய்துவிட்டார்கள். டிக்கெட் வாங்கி உள்ளே போனவர்கள் நிரந்தரக் காட்சியைச் சுற்றி வந்திருக்கிறார்கள். கல் விஷ்ணு, கை உடைந்த அம்மன், பீரங்கிக் குண்டு, பாடம் செய்த பறவை, செப்புக் காசு. பெரியவர் மகனிடம், "நம்ம சாமான் எங்கடா?" என்று கேட்டிருக்கிறார். பின்பக்கத் தாழ்வாரத்தில், நாற்காலிகளுக்கு அடியில், மற்ற பொருட்களோடு கிடந்திருக்கிறது. முந்தின நாள் மழை.

அன்று சாயங்காலம் எனக்குப் போன் செய்தார். குறை ஒன்றும் சொல்லவில்லை. "பரவால்ல டீச்சர், நல்லாத்தான் வெச்சிருப்பாங்க, நாங்கதான் லேட்டு" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு இன்னும் ஆறுதலாக இருந்திருக்கும்.

41 கொடுத்ததில் 36 திரும்பி வந்தன. ரேடியோ லைசென்ஸ் புத்தகம் வரவில்லை. என் தட்டு வரவில்லை. ரசீது இருக்கிறதா என்று கேட்டார்கள், இல்லை. என் தப்புதான். சத்துணவு முட்டைக்குக்கூடத் தினமும் கணக்கு எழுதியவள், ஐந்து வீட்டுப் பொருளை ஒரு துண்டுச் சீட்டுகூட வாங்காமல் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த வீட்டு வாசல்களில் போய் நின்று நான் என்ன சொன்னேன் என்பது இங்கே வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஏன் சாமியும் ராஜாவும் நிரந்தரம், நாம் மட்டும் தற்காலிகம்?

இதற்குச் சட்டத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துப் புதையல் சட்டம் 1878-இல் வந்தது. மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பு இருந்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த வழியில்தான் வயலில் ஏர் தட்டியபோதும் அஸ்திவாரம் தோண்டியபோதும் வந்த ஐம்பொன் சிலைகள் தாசில்தார் ஆபீஸ் வழியாக அருங்காட்சியகங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. நல்ல சட்டம், அதனால் எத்தனையோ சிலைகள் தப்பின. ஆனால் மண்ணுக்கு அடியில் இருந்தால்தான் இந்த வழி. பரணில் இருந்தால்? பரணுக்குச் சட்டம் கிடையாது, பழைய இரும்புக்காரர்தான். இன்னொன்று 1972-இல் வந்த தொல்பொருள் சட்டம். 100 வயது ஆனால்தான் தொல்பொருள், ஏடு கையெழுத்துப் படி என்றால் 75 வயது. நம் தும்பிக்கு அறுபது சொச்சம். அது நூறைத் தொடும் வரை யார் வைத்திருப்பது? அதற்கு முன்பே எலி தின்றுவிடும்.

'நூறு வருடம் ஆகவில்லை, இதெல்லாம் எப்படி மியூசியம் பொருள்' என்று போன வருடம் ஒருவர் என்னிடமே கேட்டார். அவரைக் கீழடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன்.

நீங்களும் போயிருப்பீர்கள். 2023 மார்ச்சில் திறந்த அந்த அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு நாம் எல்லாரும் நெஞ்சை நிமிர்த்தினோம். எதைப் பார்த்து? தங்கக் கிரீடத்தையா? அங்கே நம்மைக் கட்டிப்போட்டவை நூல் நூற்ற தக்களி, தறி வேலைக்கான எலும்பு முனைகள், விளையாடிய பகடைக்காய், வட்டச்சில்லு, உறைகிணறு, உடைந்த பானை ஓடு. அந்த ஓட்டில் 'ஆதன்' என்றும் 'குவிரன்' என்றும் யாரோ கீறி வைத்த பெயர்கள். நம் வீட்டில் உடைந்தால் குப்பையில் போடும் சாமான்கள்தான் அத்தனையும். பழசானதும் பொக்கிஷம் என்கிறோம். ஆதன் தன் பெயரைத் தன் பானையில் கீறினான், இரண்டாயிரம் ஆண்டு தாண்டி நமக்குத் தெரிகிறது. தும்பி தைத்தவர் உயிரோடு இருக்கிறார், விலாசம் இருக்கிறது, மகனிடம் செல்போன் இருக்கிறது. அவர் பெயரை ஓர் அட்டையில் எழுத நமக்கு மனம் வரவில்லை.

கீழடியில் எழுபதுகளிலேயே, தோண்டும்போது கிடைத்த பழம்பொருட்களைப் பிள்ளைகள் கொண்டுவந்து காட்ட, அதைப் பள்ளியில் காட்சிக்கு வைத்து, துறைக்கும் தெரிவித்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆதிச்சநல்லூரும் நினைவுக்கு வருகிறது. 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டி எடுத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். பிறகு அலெக்ஸாண்டர் ரீ தோண்டியவை சென்னை எழும்பூருக்குப் போயின. பொருள் கிடைத்த இடத்திலேயே நின்று, கண்ணாடி வழியாகக் குழியைப் பார்க்க அந்த ஊர்க்காரர்கள் 2023 வரை காத்திருந்தார்கள். கொண்டுபோனதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் பெர்லினுக்குப் போனது பெர்லினில் இருக்கிறது என்றாவது இன்று தெரிகிறது, ஏனென்றால் அங்கே பதிவேட்டில் ஏறியது. என் தட்டு எங்கே இருக்கிறது?

இப்போது தற்காலிகக் கண்காட்சியே வேண்டாம் என்கிறேனா? இல்லை. அது நல்ல விஷயம். கூட்டம் வரவேண்டும் என்றால் புதிதாக ஏதாவது வேண்டும், இது இன்றைய கண்டுபிடிப்பு இல்லை. 1851-இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் பால்ஃபர், உயிரோடு புலிக்குட்டியை வைத்தால்தான் ஜனம் வருகிறது என்று கண்டுகொண்டு அங்கேயே விலங்குகளை வளர்த்தார். அன்று புலிக்குட்டி, இன்று செல்ஃபி. போகட்டும்.

இன்னொரு நியாயமும் உண்டு. துணி, காகிதம், பழைய போட்டோ இவற்றை வருடக்கணக்காக வெளிச்சத்தில் வைக்கக் கூடாது. 50 லக்ஸ் அளவுக்கு மேல் விளக்கு இருந்தால் சாயம் வெளுத்துவிடும். அந்த அளவு வெளிச்சத்திலும் சில மாதம் காட்டிவிட்டு, உள்ளே எடுத்து ஓய்வு கொடுத்து, வேறொன்றை வைக்க வேண்டும். ஓய்வு பெற்ற காப்பாட்சியர் ஒருவர் எனக்கு இதைப் பொறுமையாக விளக்கினார். ஆகவே மாற்றி மாற்றி வைப்பது தப்பே இல்லை, அதுதான் முறை. ஆனால் அவர் சொன்னதில் முக்கியமான சொல் 'உள்ளே எடுத்து' என்பது. உள்ளே என்று ஓர் இடம் இருக்க வேண்டும். பதிவு எண் போட்டு, பெட்டியில் வைத்து, பூச்சி பார்த்து, திரும்ப எடுக்க ஓர் இடம். நம்முடையதற்கு உள்ளே கிடையாது. மேசை உண்டு, அதைவிட்டால் தாழ்வாரம். சொந்தச் சேகரிப்பு இல்லாமல் இரவல் வாங்கி வைத்துக் கலைப்பதற்குக் கண்காட்சி என்று பெயரா? கல்யாண வீட்டு வாடகைப் பாத்திரத்துக்குக்கூட எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிறோம்.

இடம் இல்லை என்பார்கள். கீழ்த்தள ஹாலில் ஒரே மாதிரி பிள்ளையார் ஏழு இருக்கிறார். நான் எண்ணினேன். பிள்ளையார் கோபித்துக்கொள்ளமாட்டார், மூன்று பேர் உள்ளே போய் இளைப்பாறட்டும். நமக்கு வேண்டியது ஒரு பீரோ அளவு இடம்.

பெங்களூரில் இருக்கும் என் அக்கா மகன் வேறு யோசனை சொன்னான். "எதுக்கு சித்தி இவ்வளவு கஷ்டம்? எல்லாத்தையும் 3டி ஸ்கேன் எடுத்து வெப்சைட்ல போட்டுட்டா முடிஞ்சுது, பொருள் இருந்தா என்ன, இல்லைன்னா என்ன." தம்பி, நீ நல்ல பிள்ளை, எடு. ஆனால் நான் 36 வருடம் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். கொள்ளளவுப் பாடத்தில் மரக்கால் படத்தைக் கரும்பலகையில் வரைந்தால் பிள்ளைகள் ஜன்னலைப் பார்ப்பார்கள். நிஜ மரக்காலைக் கொண்டுவந்து மணலை அள்ளிப் போட்டு, தலை வழித்து அளந்து, 12 மரக்கால் ஒரு கலம் என்று சொன்னால், அடுத்த நாள் அம்மாவின் அரிசிப் பானையை அளந்துவிட்டு வருவார்கள். அதோடு, நம் பக்கம் வயசானவர்களிடம் கேட்டுப் பார். குத்தகை நெல் வாங்க ஒரு மரக்கால், கூலி நெல் கொடுக்க ஒரு மரக்கால் என்று வைத்திருந்த வீடுகளைப் பற்றிச் சொல்வார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே மணலை இரண்டிலும் கொட்டிக் காட்டினால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு நம் ஊர்ச் சரித்திரம் புரிந்துவிடும். ஸ்கேனில் எப்படி மணலைக் கொட்டுவாய்?

சாதாரணப் பொருளை யார் சேர்ப்பார்கள் என்று கேட்பவர்களுக்கு ரோஜா முத்தையாவைச் சொல்கிறேன். கோட்டையூர்க்காரர், விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். புத்தகத்தோடு நிற்காமல் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் கசக்கிப் போட்டதையும் சேர்த்து வைத்தார். அவர் இறந்த பிறகு, அவர் சேகரிப்பை வைத்துத்தான் சென்னையில் அவர் பெயரில் நூலகமே எழுந்தது. இன்று உலகமெங்கும் இருந்து ஆராய்ச்சியாளர்கள் அங்கே வருகிறார்கள். முட்டுக்காடு தட்சிணசித்ராவில் பழைய வீடுகளையே பெயர்த்து வந்து நிறுத்தியிருக்கிறார்கள். தனி மனிதர்களாலும் அமைப்புகளாலும் முடிந்தது, இருபதுக்கும் மேற்பட்ட மாவட்ட அருங்காட்சியகம் வைத்திருக்கும் அரசாங்கத்தால் ஒரு பீரோ முடியாதா?

நான் கேட்கும் மூன்று இவை. ஒன்று, கொடுக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் கையெழுத்துப் போட்ட ரசீது, எந்த நிலையில் வாங்கினார்கள் என்ற குறிப்போடு, திருப்பித் தரும் தேதியோடு. இரண்டு, கொடுத்தவர் சம்மதித்தால், கண்காட்சி முடிந்தபின் அதில் சிலவற்றையாவது பதிவேட்டில் ஏற்றி, நிரந்தரக் காட்சியில் ஒரே ஒரு கண்ணாடிப் பீரோ ஒதுக்கி, மாற்றி மாற்றி வைக்க வேண்டும். மூன்று, அட்டையில் செய்தவர் பெயர், ஊர், அந்தப் பொருளை நம் பக்கம் எப்படிச் சொல்வோம் என்பது. 'நீர் இறைக்கும் கருவி' என்று இன்னொரு முறை பார்த்தால் நானே பேனாவை எடுத்து அடித்துத் திருத்துவேன், போலீஸைக் கூப்பிட்டாலும் சரி.

மனு எழுதிவிட்டேன். வரும் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் கொடுக்கப் போகிறேன். கூட வருகிறவர்கள் காலை ஒன்பதரைக்குப் பஸ் ஸ்டாண்டு டீக்கடை முன்னால் நில்லுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் பெயரும் படித்த வருடமும் இன்பாக்ஸில் அனுப்பினால் சேர்த்துக்கொள்கிறேன். மியூசியத்தில் வேலை பார்க்கும் யாராவது இதைப் படித்தால், அம்மா இப்படி எழுதிவிட்டாரே என்று வருந்த வேண்டாம். உங்களுக்கு இன்னும் இரண்டு ஆள் போட வேண்டும் என்றும் அதே மனுவில் எழுதியிருக்கிறேன்.

அதுவரை பரணில் இருப்பதை விற்காதீர்கள். இறக்கித் துடைத்து, யார் செய்தது, யார் புழங்கியது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அம்மாவைக் கேளுங்கள், அப்பாக்களுக்குப் பாதி தெரியாது.

தும்பி இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. மழையில் நனைந்து விறைத்துப் போயிருந்ததை அவரே வந்து எண்ணெய் போட்டு இரண்டு நாள் உட்கார்ந்து பதப்படுத்திக் கொடுத்தார். ஒரு மூலை மட்டும் எலி கடித்துவிட்டது. ஹாலில் டிவி பக்கத்தில் வைத்து, அட்டை எழுதுகிறேன், உங்கள் பெயரைச் சொல்லுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மொதல்ல எங்கப்பா பேரப் போடுங்க டீச்சர், அவருதான் கத்துக் குடுத்தாரு" என்றார். இரண்டு பெயரும் போட்டிருக்கிறேன். பார்க்க வருகிறவர்கள் எந்த நாளும் வரலாம், மத்தியானம் இரண்டிலிருந்து மூன்று வரை மட்டும் நான் தூங்குவேன்.